மெக்னீசியம் மாத்திரை: டப்பாவின் முன்பக்கத்தை நம்பி வாங்காதீர்கள்

மருந்துச் சீட்டில் இருந்தது ஒரே வரி: "மெக்னீசியம் 200 மி.கி., தினமும்." எந்த உப்பு (அதாவது மெக்னீசியம் எந்தச் சேர்மமாக), எந்த வேளை, ஏற்கெனவே சாப்பிடும் தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் எவ்வளவு இடைவெளி என்று எதுவும் இல்லை. மருந்துக் கடையில் கேட்டால், "எல்லாம் ஒன்றுதான், எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்" என்று ஒரு டப்பாவை நீட்டினார்கள். எல்லாம் ஒன்றே அல்ல. அந்தப் பதிலோடு கிளம்பி, தினம் ஒரு மாத்திரை போட்டிருந்தால், எழுதிக் கொடுத்த அளவில் மூன்றில் ஒரு பங்குதான் உள்ளே போயிருக்கும்.

அந்த டப்பாவின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் 1000 மி.கி. பின்பக்கம் திருப்பினால், அது மெக்னீசியம் பிஸ்கிளைசினேட் என்ற சேர்மத்தின் மொத்த எடை. அதில் உண்மையான மெக்னீசியம் சுமார் 14 சதவீதம், அதாவது 140 மி.கி. அதுவும் ஒரு "சர்விங்" அளவுக்கு. ஒரு சர்விங் என்பது இரண்டு மாத்திரை. ஆக ஒரு மாத்திரைக்கு 70 மி.கி. மருத்துவர் எழுதும் 200 என்பது பொதுவாக இந்த உண்மையான மெக்னீசியத்தைத்தான் குறிக்கும். லேபிளில் "எலிமெண்டல் மெக்னீசியம்" என்றோ, ஊட்டச்சத்துக் கட்டத்தில் வெறுமனே "மெக்னீசியம்" என்றோ இருக்கும் எண்தான் அது. சீட்டில் தெளிவாக இல்லையென்றால் மருத்துவரிடமே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

உண்மை அளவைப் போடாத லேபிள்களும் உண்டு. அப்போது சேர்மத்தின் எடையை வைத்து நாமே கணக்குப் போட வேண்டியதுதான். ஆக்ஸைடில் 60 சதவீதம் மெக்னீசியம். சிட்ரேட்டில் 16, மாலேட்டில் 15 சொச்சம், குளோரைடில் 12, த்ரியோனேட்டில் 8 சதவீதம்தான். எனவே 400 மி.கி. ஆக்ஸைடு மாத்திரையில் 240 மி.கி. மெக்னீசியம் இருக்கிறது, 2000 மி.கி. த்ரியோனேட்டில் 160 மி.கி.தான். தினசரித் தேவையில் எத்தனை சதவீதம் என்று போட்டிருந்தால் அதை வைத்தும் சரிபார்க்கலாம். அமெரிக்க லேபிளில் 100 சதவீதம் என்றால் 420 மி.கி.; ஐரோப்பிய லேபிளில் 375 மி.கி. இரண்டு கணக்கும் ஒத்துவராத டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கிளைசினேட் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று. 1000 மி.கி. கிளைசினேட்டில் 200-க்கு மேல் மெக்னீசியம் என்று போட்டிருந்தால், அது கலப்பில்லாத கிளைசினேட்டாக இருக்க முடியாது. ஆக்ஸைடு கலந்திருப்பார்கள். "பஃபர்டு" என்ற சொல் பின்பக்கத்தில் சின்னதாக எங்காவது இருக்கும். அது விஷமில்லை, ஆனால் வயிற்றுக்கு இதமானது என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கியவருக்கு அதே ஆக்ஸைடைக் கொடுப்பது நியாயமா? அதேபோல, பொருட்பட்டியலின் கடைசியில் மெக்னீசியம் ஸ்டியரேட் என்று இருந்தால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மாத்திரை இயந்திரத்தில் ஒட்டாமலிருக்கச் சேர்க்கும் பொருள் அது.

எதைத் தேர்ந்தெடுப்பது? ஆக்ஸைடில் எண் பெரிது, ஆனால் அது சரியாகக் கரையாததால் உடல் எடுத்துக்கொள்வது குறைவு. மிச்சம் குடலிலேயே தங்கித் தண்ணீரை இழுக்கும், வயிற்றுப்போக்கு வரும். மலச்சிக்கலுக்குக் கொடுக்கிறார்கள் என்றால் அதுவே பயன். குறைபாட்டுக்கு என்றால் அது இரண்டாம் தேர்வுதான். சிட்ரேட் நன்றாகக் கரையும், உடலில் சேரும், ஆனால் மலத்தை இளக்கும். கிளைசினேட் பெரும்பாலானவர்களின் வயிற்றைத் தொந்தரவு செய்வதில்லை. என் தீர்ப்பு: மலம் இறுகும் உடம்புக்குச் சிட்ரேட், இளகும் உடம்புக்குக் கலப்பில்லாத கிளைசினேட். மற்ற வகைகளுக்கு அதிக விலை கொடுக்க வலுவான காரணம் தெரியவில்லை.

இப்போது ரத்தப் பரிசோதனை. உடலில் இருக்கும் சுமார் 25 கிராம் மெக்னீசியத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே ரத்த சீரத்தில் இருக்கிறது. பாதிக்கு மேல் எலும்பில். ஆகவே அறிக்கையில் "நார்மல்" என்று வந்தாலும் குறைபாடே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அளவு குறைவாக வந்தால் அது நிச்சயமாகக் கவனிக்க வேண்டியது. மாதிரி எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்துவிட்டால் உள்ளிருக்கும் மெக்னீசியம் வெளியே கசிந்து அளவு பொய்யாக ஏறிவிடும். அறிக்கையின் அடியில் "ஹீமோலைஸ்டு" என்று சின்னக் குறிப்பு இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். பரிசோதனைக் கூடத்தில் அதை யாரும் சொல்லவில்லை. வீடு வந்து அறிக்கையைப் படித்த பிறகுதான் கண்ணில் பட்டது. மறுபடி ஒரு நடை, மறுபடி ஒரு ஊசி.

இதைவிடக் கோபம் வந்தது வேறொன்றில். மெக்னீசியம் பார்த்தார்கள், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பார்க்கவில்லை. அதிகப்படி மெக்னீசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். அது சரியாக வேலை செய்தால் சிறுநீரில் கழிந்துவிடும். செய்யாவிட்டால் ரத்தத்தில் ஏறும். வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கிரியாட்டினினும், சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடான இ.ஜி.எஃப்.ஆரும் பார்க்காமல் ஆரம்பிக்கவே வேண்டாம். இ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே இருந்தால் மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பு இல்லாமல் தொடவே கூடாது. தசைச் சோர்வு நோயான மயஸ்தீனியா கிராவிஸ் உள்ளவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

மேல்வரம்பு பற்றி: மாத்திரை, மருந்து வழியாக மட்டும் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 350 மி.கி. என்று அமெரிக்காவிலும், 250 மி.கி. என்று ஐரோப்பாவிலும் வைத்திருக்கிறார்கள். உணவில் வருவது இந்தக் கணக்கில் சேராது. ஆனால் நெஞ்செரிச்சலுக்கும் மலச்சிக்கலுக்கும் குடிக்கும் மருந்துகள் சேரும், இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 5 மி.லி.யில் 400 மி.கி. மெக்னீசியம் ஹைட்ராக்ஸைடு உள்ள திரவத்தில் ஏறத்தாழ 167 மி.கி. மெக்னீசியம் இருக்கிறது. 30 மி.லி. குடித்தால் 1000. எப்சம் உப்பை (மெக்னீசியம் சல்பேட்) "சத்துக்கு" என்று கரைத்துக் குடிப்பது இன்னும் ஆபத்து: 5 கிராமில் கிட்டத்தட்ட 500 மி.கி. இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

அடுத்தது மற்ற மருந்துகளோடு மோதல். மெக்னீசியம் குடலில் சில மருந்துகளைப் பிடித்துக்கொள்ளும். அந்த மருந்து ரத்தத்தில் சேராமலே வெளியே போய்விடும். தைராய்டுக்கான லெவோதைராக்ஸினுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். அது காலையில் வெறும் வயிற்றில், மெக்னீசியம் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் என்று வைத்துவிட்டால் பிரச்சினையே இல்லை. எலும்புத் தேய்மானத்துக்கான அலென்ட்ரோனேட்டுக்குக் குறைந்தது 2 மணி நேரம். அதையும் காலை, இரவு என்று பிரித்துவிடலாம். சிப்ரோஃப்ளாக்ஸசின், டாக்ஸிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக்குகள்தான் சிக்கல். மெக்னீசியத்துக்கு 2 மணி நேரம் முன்போ, 4 முதல் 6 மணி நேரம் பின்போ அவற்றைச் சாப்பிட வேண்டும். ஒரு நாளைக்கு இருவேளை ஆன்டிபயாடிக் என்றால் இந்தக் கணக்கு எளிதில் தவறிவிடும். அந்தச் சில நாட்களுக்கு மெக்னீசியத்தை நிறுத்திவைக்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். தொற்று குணமாகாமல் போவதைவிட அது எவ்வளவோ மேல்.

குறைபாடு ஏன் வந்தது என்பதையும் விடாமல் கேளுங்கள். ஒமெப்ரசோல், பான்டொப்ரசோல் வகை அமிலக் குறைப்பு மாத்திரைகளை ஒரு வருடத்துக்கு மேல் தொடர்ந்தால் மெக்னீசியம் குறையலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2011-லேயே எச்சரித்தது. அவர்கள் ஆராய்ந்தவர்களில் சுமார் கால்வாசிப் பேருக்கு மெக்னீசியம் கொடுத்தது மட்டும் போதவில்லை. அந்த மாத்திரையை நிறுத்த வேண்டியிருந்தது. ஃபுரோசெமைட் போன்ற நீர் மாத்திரைகள் மெக்னீசியத்தைச் சிறுநீரில் கொண்டுபோய்விடும். ஸ்பைரோனோலாக்டோன் நேர்மாறு, உள்ளேயே நிறுத்திவைக்கும். எனவே சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். வாயால் சொன்னால் ஒன்றாவது விட்டுப்போகும்.

சாப்பிட ஆரம்பிக்கும் முறை எளிது. முதல் சில நாட்கள் 100 மி.கி., உணவோடு. வயிறு ஒத்துக்கொண்டால் எழுதிய அளவுக்குப் போகலாம். மொத்தமாகப் போடுவதைவிட இரண்டாகப் பிரித்தால் உடலில் சேர்வதும் கூடும், வயிறும் கலங்காது. கலங்கினால் முதலில் அளவைக் குறையுங்கள், அப்புறம் உப்பை மாற்றுங்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ வேண்டாம். ஒரு வேளை போட மறந்தால் அடுத்த வேளை இரட்டிப்பாகப் போட வேண்டாம்.

வயிற்றுப்போக்கு என்பது அதிகமாகிவிட்டதற்கான முதல் சமிக்ஞை. குமட்டலோடு முகம் சிவந்து சூடாவது, தலைசுற்றி ரத்த அழுத்தம் இறங்குவது, கைகால் தளர்வது, சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, நாடித்துடிப்பு மந்தமாவது, மூச்சுத் திணறல் எல்லாம் ரத்தத்தில் அளவு ஏறிவிட்டதன் அடையாளங்களாக இருக்கலாம். மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள்.

இரவில் கெண்டைக்கால் பிடிப்புக்காகவே வாங்குகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020 ஆய்வுத் தொகுப்பு, வயதானவர்களின் பிடிப்பைத் தடுப்பதில் மெக்னீசியம் குறிப்பிடத்தக்க பலன் தர வாய்ப்பில்லை என்கிறது. ஒற்றைத் தலைவலிக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. ஆனால் அதற்குப் பயன்படும் 400 முதல் 600 மி.கி. மேலே சொன்ன வரம்பைத் தாண்டியது. ஆகவே மருத்துவர் சொல்லாமல் அந்த அளவுக்குப் போகாதீர்கள்.

அறுவை சிகிச்சை ஏதாவது வந்தால், மயக்க மருந்து நிபுணரிடம் மெக்னீசியம் சாப்பிடுவதை அவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். ரத்தத்தில் மெக்னீசியம் கூடினால் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் மருந்துகளின் வேலை நீளும்.