எல்சாட் லாஜிக்கல் ரீசனிங்: அம்மாவின் 'தான்' கற்றுக்கொடுத்தது

வேலை பார்த்துக்கொண்டே எல்சாட்டுக்கு (LSAT, அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு) படித்தேன். தஞ்சோங் பகாரில் ஆபீஸ் முடிந்ததும் நேராகத் தோ பாயோ நூலகம், மூடும்வரை அங்கேதான். அமெரிக்காவில் சட்டம் படிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. முதல் மாதிரித் தேர்வில் லாஜிக்கல் ரீசனிங், அதாவது சின்னப் பத்தியில் வரும் வாதத்தை அலசும் பகுதி ஒன்றில் 25 கேள்விக்கு 13 சரி. அன்றிரவு தூக்கம் வரவில்லை.

இந்தப் பகுதியை விட்டுப் பிடிக்கலாம் என்றால் முடியாது. 2024 ஆகஸ்ட்டிலிருந்து லாஜிக் கேம்ஸ் என்ற புதிர்ப் பகுதி கிடையாது. மதிப்பெண்ணுக்குரிய மூன்று பகுதிகளில் இரண்டு லாஜிக்கல் ரீசனிங், ஒன்று வாசிப்பு. மதிப்பெண் சேராத ஒரு பகுதியும் கலந்து வரும், எது என்று சொல்ல மாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் 35 நிமிடம்.

நான் செய்த பெரிய தவறு, எல்லாக் கேள்வியையும் ஒரே மாதிரி படித்தது. பத்தியைப் படிப்பேன், நியாயமாகத் தோன்றும் விடையைத் தட்டுவேன். கேள்வியை முதலில் படிக்கத் தொடங்கிய பிறகுதான் மாற்றம் வந்தது. வாதத்தைப் பலவீனப்படுத்தச் சொல்கிறார்களா, வலுப்படுத்தச் சொல்கிறார்களா, ஓட்டையைக் காட்டச் சொல்கிறார்களா என்று தெரிந்துவிட்டால், பத்தியில் எதைத் தேடுவது என்பதும் தெரிந்துவிடும்.

ஆனால் அசம்ப்ஷன் கேள்விகளில், அதாவது வாதம் சொல்லாமலே நம்பியிருக்கும் கருத்தைக் கண்டுபிடிக்கும் கேள்விகளில், மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டேன். நெசசரி (அவசியமானது), சஃபிஷியன்ட் (போதுமானது) என்று இரண்டு வகை. விளக்கம் மனப்பாடம், விடை மட்டும் தப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா தேக்காவுக்குக் காய்கறி வாங்கக் கிளம்ப வேண்டும். நல்ல மழை. "மழை விட்டாத்தான் போவேன்" என்றார். மழை விட்டது, அம்மா நாற்காலியை விட்டு எழவில்லை. "மழைதான் விட்டுருச்சே, கிளம்பலையாம்மா?" என்றேன். "விட்டாத்தான் போவேன்னேன். விட்டா போயிருவேன்னா சொன்னேன்? முட்டி வலிக்குதுப்பா."

நான் அப்படியே நின்றுவிட்டேன். 'விட்டால் போவேன்' என்றால் மழை விடுவதே போதும், அது சஃபிஷியன்ட். 'விட்டால்தான் போவேன்' என்றால் மழை விடாமல் முடியாது, ஆனால் அது மட்டும் போதாது. அது நெசசரி. ஆங்கிலத்தில் 'இஃப்', 'ஒன்லி இஃப்' என்று என்னைக் குழப்பியதை நம் வீட்டுப் பேச்சில் ஒரு 'தான்' பிரித்துவிடுகிறது. 'அன்லெஸ்' வந்தாலும் இதே வழிதான். பாஸ் இல்லாவிட்டால் உள்ளே போக முடியாது என்பதை, பாஸ் இருந்தால்தான் போகலாம் என்று மனசுக்குள் சொல்லிப் பார்ப்பேன்.

இதை அசம்ப்ஷன் கேள்வியில் பொருத்திப் பார்ப்போம். உணவங்காடியில் ஒரு கடைமுன் நீண்ட வரிசை, அதனால் அங்கே சாப்பாடு ருசியாக இருக்கும் என்று ஒரு வாதம். 'வேலை மெதுவாக நடப்பது மட்டுமே வரிசைக்குக் காரணம் அல்ல' என்பது அதற்கு நெசசரி. மறுத்துப் பாருங்கள்: மெதுவான வேலை மட்டுமே காரணம் என்றால் வாதம் படுத்துவிடும். 'நீண்ட வரிசை உள்ள எந்தக் கடையிலும் சாப்பாடு ருசிதான்' என்பது சஃபிஷியன்ட். அதைச் சேர்த்தால் முடிவு தானாக நிரூபணமாகிவிடும். நெசசரி கேள்விக்கு அவ்வளவு பெரிய கூற்று தேவையில்லை. அங்கே அதைத் தட்டித்தான் நான் மதிப்பெண்ணை இழந்துகொண்டிருந்தேன்.

ஒரே இடத்தில் தமிழ் காலை வாரும். நாம் 'சிலர் வந்தார்கள்' என்றால் எல்லாரும் வரவில்லை என்று பொருள் கொள்வோம். எல்சாட்டில் 'சம்' என்றால் குறைந்தது ஒருவர், எல்லாருமாகவும் இருக்கலாம். இதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டிவைத்தேன்.

பாரலல் ரீசனிங், அதாவது கொடுத்த வாதத்தைப் போன்ற அமைப்புள்ள இன்னொரு வாதத்தைத் தேடும் கேள்வி, நீளமானது, அதைக் கடைசிக்குத் தள்ளினேன். தப்பான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், எதையும் காலியாக விடாதீர்கள். தேர்வுக்கு முந்தைய வாரம் எழுதிய மாதிரித் தேர்வில் 25க்கு 22 வந்தது. முதலில் அம்மாவிடம்தான் காட்டினேன்.