பால்குடமும் நானூறு மீட்டரும்

சென்ற சித்திரையில், எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு எட்டு நாள் இருந்தபோது, ஈப்போவில் நடந்த மாநில நிலைப் பள்ளி விளையாட்டுப் போட்டியின் 400 மீட்டர் இறுதி ஓட்டத்தில் என் மகள் நான்காவதாக வந்தாள். மூன்றாவதாக வந்த பெண்ணுக்கும் அவளுக்கும் இடையே ஒரு வினாடியின் பத்தில் இரண்டு பங்குதான் வித்தியாசம். அன்று இரவு அவள் என்னிடம் கேட்ட ஒரு கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையில் உள்ள சுங்கை சிப்புட்டில். முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் வாழ்ந்த ஊர் என்று சொன்னால் மலேசியத் தமிழர்களுக்கு உடனே தெரியும். துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்குவதற்காக 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். என் அம்மா பட்டணத்துக்கு வெளியே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். நான் பிறந்ததும் அந்தத் தோட்டத்து லயத்து வீட்டில்தான், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்றில். எல்லாத் தோட்டங்களையும் போலவே எங்கள் தோட்டத்திலும் ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு பால் கொட்டகை, ஒரு கள்ளுக்கடை, ஒரு மாரியம்மன் கோயில் இருந்தன. கோயிலுக்கு நேர் எதிரே திடல். மற்ற தோட்டங்களோடு பந்து விளையாடியதும், பள்ளியின் ஆண்டு விளையாட்டுப் போட்டி நடந்ததும், திருவிழாவன்று பந்தி வைத்ததும் அந்தத் திடலில்தான். தீமிதிக்குக் குழி வெட்டுவதும் அதன் ஓர் ஓரத்தில்தான் என்பதால், சிறுவயதில் நான் அந்தத் திடலே அம்மனுக்குச் சொந்தமானது என்று நம்பியிருந்தேன். ஓடுவதற்கு முன் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். அதை யாரும் எனக்குக் கற்றுத் தரவில்லை.

பிறகு பால்மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டுச் செம்பனை என்னும் எண்ணெய்ப்பனையை நட்டார்கள். லயங்கள் காலியாயின, நாங்கள் பட்டணத்து மலிவு விலை வீடுகளுக்கு வந்து சேர்ந்தோம். திடலில் இப்போது நிற்பதும் செம்பனைதான். கோயில் மட்டும் மிஞ்சியது. கோலாலம்பூர், கிள்ளான், ஜொகூர், சிங்கப்பூர் என்று பிழைக்கப் போனவர்கள் எல்லாரும் ஆண்டுக்கு ஒருமுறை திருவிழாவுக்கு வந்து, செம்பனை நிழலில் காரை நிறுத்திவிட்டு, இங்கேதான் நம் வீடு இருந்தது என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள். என் மகளுக்கும் அப்படித்தான் காட்டினேன். அவள் வீட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "திடல் எவ்வளவு நீளம்மா?" என்றுதான் கேட்டாள்.

நானும் ஓடியவள். பள்ளியில் நீல இல்லத்துக்காக வெறுங்காலோடு 100 மீட்டரும் அஞ்சல் ஓட்டமும் ஓடி, மாவட்ட நிலை வரை போனேன். இடைநிலைப் பள்ளிக்குப் போன ஆண்டில் பயிற்சி மாலைக்கு மாறியது. தோட்டத்து லாரி மதியம் மட்டும்தான் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரும். அதை விட்டால் ஐந்து மைல் நடக்க வேண்டும். ஆனால் என் ஓட்டம் நின்றதற்கு லாரி மட்டும் காரணமில்லை. அதே ஆண்டில்தான் எனக்குச் சடங்கு செய்தார்கள். வயதுக்கு வந்த பெண் அரைக்கால் சட்டையோடு ஆண்கள் பார்க்க ஓடுவது அம்மனுக்கு அடுக்காது என்று அப்பா சொன்னார். அவர் அன்பில்லாதவர் அல்லர். தமக்குத் தெரிந்த ஒரே விதத்தில் என்னைக் காக்க நினைத்தார். ஆனாலும் அன்று அவர் அம்மனின் பெயரைச் சொன்னது என் மனத்தில் நெடுநாள் உறுத்திக்கொண்டிருந்தது. எந்தத் திடலின் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டேனோ, அந்தத் திடலுக்குரியவளே என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக எனக்குத் தோன்றியது.

இத்தனைக்கும் அம்மா இளவயதில் வானொலியில் கேட்ட பெயர்களில் ஒன்று எம். இராஜாமணி. எங்கள் பேராக் மாநிலத்துத் தாப்பாவில் பிறந்தவர். 1966-ல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டரில் தங்கம் வென்றவர். நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருது முதன்முதலாக அளிக்கப்பட்டபோது, அந்த ஆண்டே, அதைப் பெற்றவரும் அவர்தான். அதே பாங்காக் போட்டியில் நம் நாட்டு ஓட்ட வீரர் எம். ஜெகதீசன் மூன்று தங்கம் வென்றார். கொட்டகையில் பால் நிறுக்கக் காத்திருக்கும்போது பெண்கள் இராஜாமணியைப் பற்றிப் பேசிக்கொள்வார்களாம். அந்தப் பேச்சில் கலந்துகொண்ட அம்மா, பல ஆண்டுகள் கழித்து அப்பா எனக்கு வேண்டாம் என்று சொன்னபோது வாய் திறக்கவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. விடியுமுன் பெயர் கூப்பிடும் பிரட்டுக்குப் போய், மரம் வெட்டி, பால் எடுத்துத் திரும்பும் ஒருவருக்கு வீட்டில் எதிர்த்துப் பேச எவ்வளவு தெம்பு மிஞ்சும் என்பது, நானே வேலைக்குப் போய்ப் பிள்ளைகளை வளர்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

மகளுக்கு இப்போது பதினாறு வயது, நான்காம் படிவம். அவளுக்கு 400 மீட்டரைத் தேர்ந்து கொடுத்தவர் அவளுடைய உடற்கல்வி ஆசிரியை. அவர் மலாய்க்காரர். நோன்பு மாதத்திலும் ஒரு நாள்கூடப் பயிற்சியை நிறுத்தவில்லை. மாலை ஐந்து மணி வெயிலில், ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல், கையில் நிறுத்துக்கடிகாரத்தோடு அவர் நிற்பார். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் என் மகளிடம் தண்ணீர்ப் புட்டியை நீட்டி, "குடி, குடி" என்பார். அதைப் பார்த்துக்கொண்டு வேலியோரம் நின்ற நாள்களில், பக்தி என்ற சொல்லுக்கு நான் அதுவரை கொண்டிருந்த பொருள் கொஞ்சம் சிறியது என்று பட்டது.

ஆனாலும் நான் என் வழியில்தான் போனேன். தைப்பூசம் முடிந்த வாரம் தோட்டத்துக் கோயிலுக்குத் தனியாகப் போய், மகள் மாநில நிலையில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்துவிட்டால் திருவிழாவில் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். மகளிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் மட்டும் சொன்னேன். போட்டியன்று விடிகாலையில், கோயிலில் வைத்து வாங்கி வந்த மஞ்சள் கயிற்றை மகளின் வலக்கை மணிக்கட்டில் கட்டிவிட்டேன். அவள் மறுக்கவில்லை. முதல் நாள் இரவே காலணியின் ஆணிகளைச் சின்னச் சாவியால் ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்து, சேறு படிந்திருந்த ஒன்றைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டியிருந்தாள். அவள் அதைச் செய்தபோது முகத்தில் இருந்த கவனத்தை நான் பூசையறையில்தான் பார்த்திருக்கிறேன்.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவளுக்குக் கிடைத்தது ஏழாவது ஓடுதடம். 400 மீட்டரில் கடைசி வரை அவரவர் தடத்திலேயே ஓட வேண்டும். வளைவின் தூரத்தைச் சரிக்கட்ட, வெளித்தடத்தில் இருப்பவர்களை முன்தள்ளி நிறுத்துவார்கள். அதனால் ஏழாவது தடத்தில் இருப்பவளுக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிவது எட்டாவது தடத்துப் பெண் ஒருத்திதான். மற்ற ஆறு பேரும் முதுகுக்குப் பின்னால். யார் எங்கே வருகிறார்கள் என்று தெரியாத அச்சத்தில், முதல் 200 மீட்டரை 29 வினாடியில் ஓட வேண்டியவள் 28-க்கும் குறைவாக ஓடிவிட்டாள். 300 மீட்டர் வரை அவள்தான் முன்னால். அதற்குப் பிறகு உடல் அந்தக் கடனைத் திருப்பிக் கேட்டது. அவ்வளவு வேகத்தில் ஓடும்போது தசைகளுக்கு வேண்டிய பிராணவாயு போதிய அளவு போய்ச் சேராது. அது இல்லாமலே சக்தியை உண்டாக்கிக்கொள்ளும் தசைகளில் புளிப்பு ஏறி, கால் தூக்க முடியாதபடி கனத்துப் போகும். அவள் தோள்கள் மேலே ஏறுவதையும், தலை பின்னால் சாய்வதையும் நான் பார்த்தேன். கடைசி இருபது மீட்டரில் மூன்று பேர் அவளைக் கடந்தார்கள்.

அந்த நேரத்தில் நான் முடிவுக்கோட்டுக்கு அருகே, மற்றத் தாய்மாரின் நடுவே நின்றேன். என் பக்கத்தில் நின்று தன் குடையில் பாதியை எனக்குக் கொடுத்திருந்த மலாய் அம்மாளின் விரல்களில் தஸ்பீஹ் என்னும் செபமணி உருண்டுகொண்டிருந்தது. அவருடைய மகள்தான் மூன்றாவதாக வந்தாள். அவர் அழுதுகொண்டே என்னைக் கட்டிப் பிடித்தார். நான் வாழ்த்துச் சொன்னேன், மனமாரத்தான் சொன்னேன். ஆனால் அவருடைய மணியும் என்னுடைய வேண்டுதலும் அந்த ஒரே இடத்துக்காகத்தான் போட்டியிட்டிருக்கின்றன என்பது அப்போதுதான் உறைத்தது. என் மகள் புல்தரையில் மண்டியிட்டுக் கிடந்தாள். வேர்வையில் மஞ்சள் கயிற்றின் சாயம் இறங்கி, உள்ளங்கை வரை வழிந்து, அவள் முகத்தைத் துடைத்தபோது கன்னத்திலும் ஒட்டியது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வாய் தவறி வேண்டுதலைப் பற்றிச் சொல்லிவிட்டார். மகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்ப நான் தோத்ததால உங்களுக்குப் பால்குடம் மிச்சமாம்மா?" என்று கேட்டாள். நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். "ஜெயிச்சிருந்தா, அம்மன் ஜெயிக்க வெச்சாங்கன்னு எல்லாருகிட்டயும் சொல்லியிருப்பீங்க. தோத்தது மட்டும் என்னோடதா?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அதட்டியிருப்பேன், அதற்கும் வழியில்லாமல் போயிற்று. என் கணவர் செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர். இரவு பத்து மணிக்கு வந்து, நடந்ததைக் கேட்டு, மகளின் தலையைத் தடவிவிட்டு, என்னிடம் மட்டும், "அவ கேட்டது சரிதானே" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

மறுநாள் அம்மாவிடம்தான் மனத்தைத் திறந்தேன். நிபந்தனை நிறைவேறவில்லை, பால்குடம் எடுக்க வேண்டியதில்லை, எடுத்தால் மகள் தன்னைக் குத்திக்காட்டுவதாக எண்ணுவாளோ என்றும் பயம். அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய வலத்தோளில் இன்றும் ஒரு தழும்பு உண்டு. காண்டா என்னும் காவடித்தடி அழுத்திய இடம். இரு முனையிலும் பால் வாளி தொங்க, மேட்டிலும் பள்ளத்திலும் ஒரு சொட்டுச் சிந்தாமல் நடந்தவர் அவர். "முப்பது வருஷம் பால் சுமந்திருக்கேன்டி," என்றார். "கொட்டகையில கணக்கு எழுதுற கிராணி எடை போட்டு, தண்ணி கலந்திருக்கான்னு பார்த்து, புத்தகத்துல எழுதி, அதுக்குத்தான் காசு குடுத்தாரு. ஆத்தாவையும் கிராணி ஆக்கிட்டியா?"

நான் அன்று கோயிலுக்குப் போய் வேண்டுதலை மாற்றிச் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. பால்குடம் எடுப்பதாகப் பெயரைக் கொடுத்துக் காப்புக் கட்டிக்கொண்டேன். மகளிடம் போய், எதற்காக என்று கேட்காதே, எனக்கு எடுக்க வேண்டும் போல இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். நான் முன்பு வேண்டிக்கொண்டது அவளுக்காக மட்டும்தானா, அல்லது லாரியைத் தவறவிட்ட ஒரு பதின்மூன்று வயதுப் பெண்ணுக்காகவுமா என்ற கேள்வியையும் அவளிடம் மறைக்காமல் சொன்னேன். அப்பாவைப் பற்றியும், சடங்கைப் பற்றியும், அரைக்கால் சட்டையைப் பற்றியும் அவளுக்கு அதுவரை தெரியாது. நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தவள், "உங்க 100 மீட்டர் நேரம் என்னம்மா?" என்றாள். எங்கள் காலத்தில் அதை யாரும் எழுதி வைக்கவில்லை என்றேன். அதற்குத்தான் அவள் வருத்தப்பட்டாள்.

திருவிழாவன்று ஆற்றங்கரையிலிருந்து கோயில் வரை உச்சிவெயிலில் நடந்தோம். செம்பனைகளுக்கு நடுவே செல்லும் செம்மண் பாதை. உறுமியும் பம்பையும் முன்னால் போயின. தலையில் குடம், மேலே வேப்பிலை, மஞ்சள் சேலை. பாதி வழியில் எனக்குக் கால் கொப்புளித்தது, கழுத்து இறுகியது. அப்போது மகள் கூட்டத்திலிருந்து விலகி என் பக்கத்தில் வந்து, குடத்தில் கை வைக்காமல், தண்ணீர்ச் செம்பை என் காலடியில் ஊற்றிக்கொண்டே கூட நடந்தாள். "தோளை இறக்குங்கம்மா. மூச்சை வாயால விடுங்க," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளுடைய ஆசிரியை அவளுக்குச் சொல்லும் அதே சொற்கள். பழைய திடல் இருந்த இடத்தைக் கடக்கும்போது நான் குனிந்து மண்ணைத் தொட முடியவில்லை. அவள் தொட்டாள், என் கண்ணில்தான் ஒற்றினாள்.

அடுத்த திங்களன்று பயிற்சி மறுபடியும் தொடங்கியது. ஆசிரியை அவளுக்கு 300 மீட்டர் ஓட்டங்களை எழுதிக் கொடுத்திருக்கிறார். முதல் பாதியில் அடங்கி ஓடப் பழக வேண்டுமாம். வேலை முடிந்து நேராகப் பள்ளித் திடலுக்குப் போய், வழக்கம்போல் முடிவுக்கோட்டின் பக்கம் நின்றேன். மகள் அங்கிருந்தே கை காட்டி என்னைத் தள்ளிப் போகச் சொன்னாள். எங்கே என்று எனக்குப் புரியவில்லை. ஓடி வந்து என் கையைப் பிடித்து, வளைவு முடிந்து நேர்ப்பாதை தொடங்கும் இடத்துக்கு அழைத்துப் போய் நிறுத்தினாள். "முடியற எடத்துல எல்லாரும் நிப்பாங்கம்மா. நீங்க இங்க நில்லுங்க. இங்கதான் எனக்குக் கால் கனக்குது," என்றாள்.