மூன்று நிமிஷச் சேதிகள்

அக்டோபர் 17

ஐப்பசி ஒன்று. விடிகாலையில் ஒரு பாட்டம் பெய்து ஓய்ந்திருந்தது. மாடிக்குப் போனால் செம்பருத்திக் கொழுந்தெல்லாம் பஞ்சை அப்பி வைத்தாற்போல மாவுப்பூச்சி. நேற்று இல்லை. அல்லது நேற்று நான் பார்க்கவில்லை. ஒரு கொழுந்தைக் கிள்ளி நசுக்கினேன், விரல் பிசுபிசுத்தது. தண்டில் எறும்புச் சாரை மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பூச்சி கசியவிடும் இனிப்பு நீருக்காக எறும்பே அதற்குக் காவல் இருக்கும்.

படம் எடுத்து பழைய சிநேகிதிகள் மூவருக்கும் அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் கோயம்புத்தூரிடமிருந்து குரல்பதிவு.

"ஏன் அம்மணி, எறும்பு ஏறுறப்பவே முழிச்சுக்க வேண்டாமா? லிட்டர் தண்ணிக்கு அஞ்சு மில்லி வேப்பெண்ணெய், கரையறதுக்குக் கொஞ்சம் சோப்புத்தண்ணி. மழை விட்ட சாயங்காலமாப் பாத்து அடி. வெயில்ல அடிச்சா இலை கருகிப்போயிரும்."

அவள் சொன்னால் மறுபேச்சு கிடையாது. 2008-ல் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகத் தலைகாட்டியதே கோயம்புத்தூர்ப் பக்கம்தான். அப்போது வீட்டுக் கொல்லையில் நின்ற எட்டுப் பப்பாளியை வெட்டிப் போட்டவள் அவள். 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த ஒரு பொடிக் குளவியை வேளாண் பல்கலைக்கழகக்காரர்கள் பரப்பிவிட்ட பிறகுதான் அந்தப் பூச்சி அடங்கியது. கடுகளவுகூட இல்லாத அந்தக் குளவியைப் பற்றி இன்றைக்கும் சொந்தத் தம்பியைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசுவாள்.

ஊர்ப் பெயரைச் சொல்லியே கூப்பிட்டுக்கொள்வது எங்கள் பழக்கம். நாலு பேரும் இருபது வயசில், வெளியூர் போன்களை இணைத்துக் கொடுக்கும் மதுரை டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஒரே ஷிப்டில் உட்கார்ந்த ஆபரேட்டர்கள். அப்புறம் மாற்றல் வாங்கி அவரவர் ஊர் போர்டுக்குப் போய்விட்டோம். இந்தப் பக்கம் "ஹலோ தஞ்சாவூர்" என்றால் அந்தப் பக்கம் "சொல்லு திருநெல்வேலி" என்று வரும். பார்ட்டிக்கு லைன் கிடைப்பதற்குள் எங்கள் சேதியையும் பேசி முடித்துவிடுவோம். டிரங்க் காலுக்கு மூன்று நிமிஷம்தான் கணக்கு; முடிந்ததும் குறுக்கே வந்து எக்ஸ்டென்ஷன் வேண்டுமா என்று கேட்போம். ஓய்வு பெற்று ஐந்து வருஷமாகியும் பெயர் மாறவில்லை.

அக்டோபர் 19

தஞ்சாவூருக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து இன்று மூன்றாம் நாள். வலது கண். இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டதாம். போகும்போது இருந்த பயத்தில் கால்வாசிகூட வரும்போது இல்லை என்றாள். சொட்டு மருந்துக் கணக்குதான் அவளைப் படுத்துகிறது: முதல் வாரம் நாளைக்கு ஆறு வேளை, அடுத்த வாரம் ஐந்து, இப்படி வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். காலண்டரில் கட்டம் போட்டு டிக் அடிக்கிறாள்.

இதைவிட வேடிக்கை, வேட்டி விஷயம். அவள் வீட்டுக்காரருக்கு வெள்ளை வேட்டிதான் எப்போதும். இரண்டு வருஷமாக எத்தனை துவைத்தாலும் பழுப்பாகவே தெரிகிறதென்று சொட்டு நீலத்தை மூடி மூடியாக ஊற்றி அலசியிருக்கிறாள். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்து கொடியைப் பார்த்தால் அத்தனை வேட்டியும் ஆகாச நீலம்! பழுப்பு வேட்டியில் இல்லை, அவள் கண்ணுக்குள் இருந்த லென்ஸில் இருந்திருக்கிறது.

"இந்த மனுஷன் ரெண்டு வருஷமா நீல வேட்டி கட்டிக்கிட்டு கோயிலுக்குப் போயிட்டு வந்திருக்கார்டி, ஒரு வார்த்தை சொல்லல."

அவருக்கும் கண்ணைக் காட்டுவது நல்லது என்றேன்.

ஒரே குறை, மூன்று வாரம் தலைக்குக் குளிக்கக் கூடாது. வருஷம் தவறாமல் ஐப்பசியில் மாயவரம் போய்க் காவேரியில் துலா முழுக்குப் போடுகிறவள் அவள்.

அக்டோபர் 22

நாகர்கோவிலின் பேரனுக்கு ஆறு மாதம் முடிந்து மட்டிப்பழம் கொடுத்திருக்கிறார்கள். "ஏ மக்கா, பிள்ள நாக்கைச் சுழட்டுன சுழட்டைப் பாக்கணுமே!" பெங்களூரிலிருந்து வந்திருக்கும் மருமகள் டாக்டர் கொடுத்த அட்டவணையை நீட்டினாளாம். அதில் வாழைப்பழம் என்று போட்டிருந்ததால் சண்டை இல்லாமல் முடிந்தது. விரல் நீளம், காகிதம் போல மெல்லிய தோல், உரித்தால் அறையே மணக்கும். கன்னியாகுமரி மாவட்டத்து மட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, "சர்ட்டிபிகேட் வந்து என்னத்துக்கு, எங்க வீட்டுப் பிள்ளையளு எல்லாம் இதுலதான் வளந்துச்சு" என்று சொன்னதும் இவள்தான்.

அக்டோபர் 25

மத்தியானம் அடுக்களை ஜன்னலில் டொம்மென்று ஒரு சத்தம். பின்னால் போய்ப் பார்த்தால் முருங்கையடியில் ஒரு பறவை கிடக்கிறது, அதைச் சுற்றி நாலு காக்கா. நான் கையை வீசி விரட்டுவதற்குள் இவர்கள், என் வீட்டுக்காரர், துண்டை எடுத்து வந்து அப்படியே மூடிவிட்டார்கள்.

முதலில் மரங்கொத்தி என்று நினைத்தேன். துண்டை விலக்கினால் முதுகு பச்சை, தோளில் பளீரென்று நீலம், கண்ணை ஒட்டி அகலமான கறுப்புப் பட்டை, அடிவயிற்றிலும் வாலடியிலும் குங்குமத்தைக் கொட்டியது போலச் சிவப்பு. வால் என்று பேருக்கு ஒன்று, யாரோ கத்தரித்து விட்டது போல. நடுங்கவில்லை, கொத்தவும் வரவில்லை. உள்ளங்கையில் அதன் நெஞ்சு அடிப்பது மட்டும் தெரிந்தது.

ஆறுமணிக் குருவி. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். கோடையில் வடக்கே இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு முன்னால் ராத்திரியெல்லாம் பறந்து தெற்கே நம் பக்கமும் இலங்கைக்கும் வந்து சேரும். வந்து இறங்கும் நாட்களில் களைத்துப்போய் வீட்டுக்குள்ளும் கிணற்றடியிலும் இப்படி விழுந்து கிடப்பது உண்டு. அதற்குள் காக்கையோ பூனையோ பார்த்துவிட்டால் தீர்ந்தது.

செருப்பு டப்பாவில் நாலு ஓட்டை போட்டு, பழைய துணி விரித்து, அதில் விட்டு மூடி இருட்டறையில் வைத்தோம். வாயில் தண்ணீர் ஊற்ற இவர்கள் இங்க் ஃபில்லரைத் தேடினார்கள். வேண்டாம், மூச்சுக்குழலுக்குள் போய்விடும் என்று தடுத்தேன். சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குக் கொல்லையில் டப்பாவைத் திறந்து வைத்தோம். ஒரு நிமிஷம் அசையாமல் நின்றது. அப்புறம் தத்தித் தத்தி அடுத்த வீட்டு ஆடாதொடைப் புதருக்குள் போய்விட்டது. நன்றி கின்றி ஒன்றும் இல்லை.

மூவருக்கும் படம் அனுப்பினேன். தஞ்சாவூர் ஒற்றைக் கண்ணால் பார்த்து, "இது நெஜமாவே இத்தனை நீலமா, இல்ல என் கண்ணுதானா?" என்று கேட்டாள். கோயம்புத்தூரிடமிருந்து ஒரு கைகூப்பும் பொம்மை, அவ்வளவுதான்.

அக்டோபர் 28

காலை ஆறு மணிக்குப் புதருக்குள்ளிருந்து இரட்டை விசில். ஒன்று நீளம், ஒன்று குட்டை. பேர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை.

அக்டோபர் 31

தீபாவளி. மழை தூறிக்கொண்டே இருந்ததில் பட்டாசு நமத்துப் போனது. பறவைகள் சரணாலயம் இருக்கும் கூந்தன்குளத்தில் ஊர்க்காரர்கள் பறவைகளுக்காக வெடி வெடிப்பதே இல்லை. எனக்கு அந்த ஊரில் வாக்கப்பட்டிருக்கலாமோ என்று தோன்றுவது வருஷத்தில் இந்த ஒரு நாள்தான்.

காலையிலேயே மூவரின் வாழ்த்தும் வந்துவிட்டது. தஞ்சாவூர் எண்ணெய்க் குளியல் இல்லாத முதல் தீபாவளி என்று புலம்பினாள். நாகர்கோவில் முந்திரிக்கொத்து சுட்டிருக்கிறாள். கோயம்புத்தூரின் பதிவு பதினோரு விநாடி: "எல்லாருக்கும் தீபாவளி வாழ்த்துங்க. பூசணி நல்லாக் காய்ச்சிருக்கு. உடம்பைப் பாத்துக்கங்க."

இதை மூன்று தரம் போட்டுக் கேட்டேன். சொன்னதில் குறை இல்லை. ஆனால் அவள் குரலுக்குப் பின்னால் எந்நேரமும் தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று சச்சரவு பண்ணிக்கொண்டிருக்கும். இதில் அதைக் காணோம். அதற்குப் பதில் எங்கோ சீராக ஒரு 'பீப்' சத்தம். முப்பத்தெட்டு வருஷம் ஹெட்செட் மாட்டிய காது, பேச்சை விட்டுவிட்டுப் பின்னால் ஓடுவதைத்தான் முதலில் கேட்கும்.

நவம்பர் 2

கூப்பிட்டேன். மருமகள் எடுத்தாள். "அத்தை தூங்கறாங்க ஆன்ட்டி, அப்பறமாப் பேசச் சொல்றேன்."

"பி.பி. கால்ம்மா இது. அவ பேசினாத்தான் கணக்கு."

பர்ட்டிகுலர் பர்சன் கால், கேட்ட ஆளே லைனுக்கு வரவேண்டிய அந்தக் காலத்து டிரங்க் கால். பாவம் அந்தப் பெண்ணுக்கு என்ன புரியும். ஆனால் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது, அப்புறம் போன் கைமாறியது.

நடந்தது இதுதான். அக்டோபர் இருபது வாக்கில் எலுமிச்சைக்கு மண் அணைக்கும்போது வெறுங்காலோடு நின்றிருக்கிறாள். முள் ஏறியிருக்கிறது. தெரியவில்லை. கவனிக்கவில்லை என்றல்ல, குத்தியதே உறைக்கவில்லை. பதினாறு வருஷச் சர்க்கரை, பாதத்து நரம்பை எப்போதோ மரக்கடித்துவிட்டது. மறுநாள் தரையில் அங்கங்கே சிவப்பாகத் தீற்றியிருந்ததைப் பார்த்து, பீட்ரூட் நறுக்கிய கையோடு யார் நடந்தது என்று மருமகளிடம் கோபித்திருக்கிறாள். நாலாம் நாள் காய்ச்சல். கால் சிவந்து கணுக்கால் வரை வீக்கம். ஆஸ்பத்திரியில் சேர்த்து, சீழ் எடுத்து, நரம்பில் மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அந்த 'பீப்', மருந்து ஏற்றும் மிஷின். என் குருவிப் படம் போன அன்று அவள் கட்டிலில் கிடந்திருக்கிறாள்.

"ஏட்டி, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க மூணு பேரும் பழமும் குருவியும் புதுக்கண்ணுமா அனுப்பிட்டிருக்கறப்ப, நான் காலைப் போட்டோ எடுத்தா அனுப்பறது?"

எனக்குக் கோபம்தான் வந்தது. என் செம்பருத்தியில் எறும்பு ஏறியதற்குத் திட்டியவள்.

நவம்பர் 6

சுண்டுவிரல் தப்பியது. முந்தாநாள் வரை நிச்சயமாகச் சொல்ல மாட்டேன் என்றுதான் டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தாராம். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி 10.2. ஏழுக்குள் வைக்கச் சொன்னது. மாத்திரை விட்டு இன்சுலினுக்கு மாற்றியாயிற்று.

பாதத்தைச் சோதித்த விதத்தைக் கேட்டுத்தான் எனக்கு அடிவயிறு கலங்கியது. கண்ணை மூடச் சொல்லி, ஒரு நைலான் இழையை உள்ளங்காலில் பத்து இடத்தில் அது வளைகிற அளவுக்கு அழுத்துகிறார்கள். தொடுவது தெரிந்தால் சொல்ல வேண்டும். அவள் நாலு தடவைதான் சொன்னாளாம். "முடிச்சிட்டீங்களான்னு நானே கேட்டேன், முடிச்சு ரொம்ப நேரமாச்சுங்கம்மான்னாங்க."

நவம்பர் 7

எனக்கும் சர்க்கரை உண்டு, ஒன்பது வருஷம். இதுநாள் வரை உள்ளங்காலை யார் பார்த்தது? குனிந்து பார்க்க இடுப்பு விடவில்லை. இவர்கள் சவரக் கண்ணாடியைத் தரையில் வைத்து அதன் மேல் காலைத் தூக்கிக் காட்டினேன். குதிகால் வெடிப்பில் மண், பெருவிரலடியில் ஒரு காய்ப்பு. புண் இல்லை. இனி மாடிக்கு வெறுங்காலோடு போவதில்லை. ஈர மண் காலில் படும் சுகம் போயிற்று, போகட்டும்.

நவம்பர் 12

கோயம்புத்தூர் வீட்டுக்கு வந்துவிட்டாள். பின்னால் தவிட்டுக்குருவி கேட்டது. தினம் டிரெஸ்ஸிங், கால் ஊன்றக் கூடாது, ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்து மருமகளை ஏவிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பெண்தான் எலுமிச்சையின் அடிக்கிளைகளை வெட்டியிருக்கிறாள். எத்தனை முள் என்று எண்ணிப் பார்க்கச் சொன்னாளாம் மாமியார். இருநூறோடு நிறுத்திக்கொண்டாளாம் மருமகள்.

செம்பருத்தி தேறிவிட்டது. இரண்டு தடவை அடிக்க வேண்டியிருந்தது.

நவம்பர் 16

கார்த்திகை ஒன்று. நேற்று கடைமுழுக்கு, இன்று முடவன் முழுக்கு. ஐப்பசிக்குள் மாயவரம் வந்து சேர முடியாத ஒரு முடவனுக்காக, இன்னும் ஒரு நாள் சேர்த்துப் பலன் கொடுத்தாராம் சுவாமி. தஞ்சாவூர் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு விடியற்காலையிலேயே போய்விட்டாள். முங்கவில்லை. கண்ணில் ஆற்றுத்தண்ணீர் படாமல், கழுத்து வரை இறங்கிவிட்டு வந்தாளாம். வீட்டுக்காரர் புது வேட்டியில் கரையில் நிற்கும் படம் வந்தது. வெள்ளைதான்.

"அடுத்த வருஷம் இதே முழுக்குக்கு கோயம்புத்தூரையும் இழுத்துட்டுப் போறேன், அவளுக்குன்னே வெச்ச நாள்" என்று பதிவில் சொல்லியிருந்தாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் கோயம்புத்தூர் அவர்களை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பாள். இதற்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது என்று பதில் போட்டிருக்கிறாள்.

சாயங்காலம் நானே கூப்பிட்டேன். சர்க்கரைக்காரர் பாதத்துக்கென்று மெத்தென்ற ரப்பரில் செய்யும் எம்.சி.ஆர். செருப்பு வந்துவிட்டதாம். கறுப்பு, பட்டை வார், பார்க்க லட்சணமே இல்லை என்றாள். புண் ஆறியதும் போட்டுப் பழக வேண்டும். பேச்சுக்கு நடுவில் என் கொல்லையிலிருந்து இரட்டை விசில்.

"அதா அது? மணி ஆறாச்சா?"

"ஆறு அஞ்சு."

"வந்து மூணு வாரந்தான் ஆச்சு, அதுக்குள்ள லேட் அட்டென்டன்ஸா?" என்றாள். பிறகு, "மூணு நிமிஷம் முடிஞ்சுது அம்மணி, லைனை எடுக்கட்டுமா?"

"எக்ஸ்டென்ஷன்" என்றேன். பூசணிக்கொடி மதில் தாண்டி அடுத்த வீட்டுக்குள் போய் அங்கே காய்த்திருக்கிறதாம், அந்தக் காய் யாருக்கு என்ற வழக்கை ஆரம்பித்தாள்.