பவளத் தொட்டி, பத்தாம் மாதம்: சுத்தம் செய்தே கெடுத்த கதை

தொட்டி 120 லிட்டர். உள்ளே இரண்டு கோமாளி மீன்கள், கொஞ்சம் நத்தைகள், ஒரு துப்புரவு இறால், ஐந்து பவளத் துண்டுகள். பவளமெல்லாம் ஏற்கெனவே தொட்டியில் வளர்ந்ததிலிருந்து வெட்டியவை, கடலிலிருந்து பெயர்த்தது எதுவும் இல்லை.

முதல் ஆறு வாரம் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. பாறையும் உப்புத் தண்ணீரும் மட்டும், அம்மோனியா நைட்ரைட்டாகி நைட்ரேட்டாகும் வரை காத்திருந்ததுதான் வேலை. மூன்றாம் மாதம் மணல் முழுக்கப் பழுப்புத் தூசி மாதிரி டயாட்டம் என்ற நுண்பாசி படர்ந்தது, பயந்தேன், தானாகவே போய்விட்டது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகளாகக் கோப்பிபாட் என்ற குட்டி ஓட்டுயிரிகள் ஓடும். மீனைவிட அதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம்தான் அதிகம்.

கோளாறு ஆறாம் மாதம் ஆரம்பித்தது, முழுக்க என் தப்பு. பவளத்திட்டுகள் இருக்கும் வெப்பக்கடல் தண்ணீரில் நைட்ரஜன், பாஸ்பரஸ் சத்துகள் மிகக் குறைவு, அதனால்தான் அது அவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று படித்திருந்தேன். இப்படிச் சத்தில்லாத தண்ணீரில், கடல் தரையில் ஒரு சதவீதம்கூட இல்லாத இடத்தில் கடல் உயிரினங்களில் கால்வாசி வகைகள் எப்படிப் பிழைக்கின்றன என்பதை டார்வினின் புதிர் என்றே சொல்வார்கள். நான் அந்தப் புதிரின் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டேன். கழிவை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மரை முழு வேகத்தில் ஓடவிட்டேன், பாஸ்பேட் உறிஞ்சி போட்டேன், மீன் தீனியை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினேன். சோதனையில் நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம். அதைப் படம் எடுத்து வேறு வைத்துக்கொண்டேன்.

மூன்றே வாரத்தில் மான்டிபோரா என்ற பவளம் வெளிறிப்போனது. நீண்ட கைகள் கொண்ட யூஃபிலியா பவளம் பகலில்கூட விரியவில்லை. மணலில் குமிழியோடு பழுப்பு நிறக் கோழை இழை இழையாக வந்தது, டைனோஃபிளாஜெலேட் என்ற நுண்ணுயிரி. முதலில் வெப்பத்தால் வெளுக்கிறதோ என்றுதான் நினைத்தேன், ஏனென்றால் கோடைக்கால உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி அது சில வாரம் நீடித்தாலே கடலில் பவளம் தனக்குள் இருக்கும் பாசியைத் துப்பிவிட்டு வெளுத்துவிடும். ஆனால் என் தொட்டி 25.5 டிகிரியை விட்டு நகரவே இல்லை. விளக்கைக் குறைத்துப் பார்த்தேன், அதுவும் இல்லை.

அப்புறம்தான் உறைத்தது. பவளத்தின் திசுவுக்குள் இருக்கும் பாசிதான் ஒளியில் சமைத்து அதற்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பங்கைக் கொடுக்கிறது, அந்தப் பாசிக்கும் நைட்ரஜன், பாஸ்பரஸ் வேண்டும். நான் சமையல்காரனையே பட்டினி போட்டிருக்கிறேன். கடலில் சத்து குறைவு என்பது கல்லாவில் காசு தங்காத, ஆனால் வியாபாரம் ஓயாத கடை மாதிரி. அளந்தால் ஒன்றும் இருக்காது, ஆனால் மிதவை உயிரிகள், கழிவு, எச்சம் என்று நாள் முழுக்க ஏதாவது வந்துகொண்டே இருக்கும், வந்ததும் யாராவது பிடித்துக்கொள்வார்கள். கரீபியன் கடலில் ஒருவகை மீன்கள் ராத்திரி கடற்புல் பக்கம் போய் மேய்ந்துவிட்டுப் பகலில் பவளக் கிளைகளுக்கு நடுவே கூட்டமாக ஒதுங்கும். அவற்றின் செவுளிலிருந்து வரும் அம்மோனியாவும் எச்சமும் பவளத்துக்கு உரம், மீன் தங்கும் பவளம் தங்காததைவிட வேகமாக வளர்ந்ததை அளந்தே பார்த்திருக்கிறார்கள். என் தொட்டியில் வரவே கிடையாது, செலவு மட்டும்தான்.

சரி, எல்லாவற்றையும் திருப்பினேன். உறிஞ்சியை எடுத்தேன், ஸ்கிம்மர் ராத்திரி மட்டும், தீனி நாளுக்கு இரண்டு வேளை. கோழையைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பது மட்டும் கிட்டத்தட்ட ஐந்து வாரம் நடந்தது, அந்த நாற்றத்தைப் பற்றிப் பேச வேண்டாம். நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.05 (லிட்டருக்கு மில்லிகிராம்) பக்கம் வந்து நின்றபோது மான்டிபோராவில் நிறம் திரும்ப ஆரம்பித்தது. நடுவில் அதன் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிந்து மறுபடி வயிற்றைக் கலக்கியது, பார்த்தால் அது புதிதாக வளரும் விளிம்பு. அங்கே பாசி இன்னும் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

நிறத்தைவிட நம்பகமான அடையாளம் காரத்தன்மை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட் வகைகளின் அளவு (pH அல்ல, dKH கணக்கு). வெளிறிக் கிடந்த நாட்களில் அது 8.3லேயே அசையாமல் நின்றது, அதையும் நான் நல்ல சேதி என்று நினைத்திருந்தேன். பவளம் எலும்புக்கூடு கட்டும்போது கால்சியத்தையும் கார்பனேட்டையும் தண்ணீரிலிருந்துதான் எடுக்கும், அளவு இறங்கவில்லை என்றால் கட்டுமானம் நின்றுவிட்டது என்று அர்த்தம். இப்போது வாரத்தில் 8.3லிருந்து 7.4க்கு வந்துவிடுகிறது, அதை ஈடுகட்டத் தினம் காலையில் கொஞ்சம் சோடா உப்புக் கரைசல் விடுகிறேன்.

கோமாளி மீன்கள், வழக்கமாகத் தாங்கள் குடியிருக்கும் கடல் அனிமோன் தொட்டியில் இல்லாததால், யூஃபிலியாவையே வீடாக்கிக்கொண்டன. எல்லாம் ஆணாகப் பிறந்து, ஜோடியில் பெரியது பெண்ணாக மாறும் இனம் அது. பெரியது இப்போது தீனி உருண்டையைக் கவ்விக்கொண்டுபோய் யூஃபிலியாவின் கைகளுக்குள் வைக்கிறது. நான் மூன்று மாதம் கழித்துக் கண்டுபிடித்ததை அது யாரையும் கேட்காமல் செய்கிறது.

சீரான தண்ணீர் கேட்கும் அக்ரோபோரா பவளம் வாங்கலாமா என்று கை அரிக்கிறது. காரத்தன்மை இரண்டு மாதம் ஒரே சீராக நிற்கட்டும், அதுவரை இல்லை. இந்த வார அளவு: நைட்ரேட் 6, பாஸ்பேட் 0.06, யூஃபிலியாவில் இரண்டாவது தலை பிரிகிறது.