சில்லறை

திருநெல்வேலி–திருச்செந்தூர் ரூட்டில் பதினோரு வருஷம் கண்டக்டராக ஓடியிருக்கிறேன். பஸ்ஸில் பிச்சை எடுக்கிற பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் இரக்கத்தில் ஆரம்பிப்பார்கள். நான் சில்லறையில்தான் ஆரம்பிக்க வேண்டும், எனக்கும் அப்படி ஒரு பையனுக்கும் இருந்த பழக்கம் அது ஒன்றுதான்.

இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், காலை முதல் டிரிப்பில் ஏறுகிற அத்தனை பேரும் நூறு ரூபாய் நோட்டை நீட்டுவார்கள். செய்துங்கநல்லூர் தாண்டுவதற்குள் பையில் இருக்கிற காசு தீர்ந்துவிடும். அப்புறம் டிக்கெட்டுக்குப் பின்னால் பாக்கியை எழுதிக் கொடுத்து, இறங்கும்போது வாங்கிக்கிடுங்க என்று சமாளிக்க வேண்டும். மறந்து இறங்கிவிட்டால் நம்மைத் திருடன் என்பார்கள். பத்து ரூபாய் காசு கொடுத்தால் செல்லாது என்று முகத்துக்கு நேரே திருப்பித் தருவார்கள், பேங்கே செல்லும் என்று சொன்னாலும் சரி.

அந்தப் பையன் திருநெல்வேலி வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டில் ஏறுவான். ஒன்பது, பத்து வயசு இருக்கும். பிளாஸ்டிக் உறை போட்ட அட்டைகளை ஒவ்வொருவர் மடியிலும் வைத்துக்கொண்டே பின்வாசல் வரை போவான், திரும்பி வரும்போது அட்டையையும் காசையும் சேர்த்து எடுப்பான். ‘நான் வாய் பேச முடியாதவன், தங்கைக்கு ஆபரேஷன்’ என்று அதில் அச்சடித்திருக்கும். அந்த வாய் பேச முடியாத பையன்தான் பஸ் எடுப்பதற்கு முன்னால் என்னிடம் வந்து, “அண்ணாச்சி, நூறு ரூவாக்கு சில்லறை இருக்கு, வேணுமா?” என்பான்.

வேணும் என்பேன். கையில் நோட்டு இருந்தால் உடனே கொடுப்பேன், இல்லையென்றால் திரும்பி வந்து. எட்டு மாசம் இப்படியே ஓடியது. வைகாசி விசாகத்துக்கும் சஷ்டிக்கும் கோயிலுக்குப் போகிற அம்மாமார் என்னிடமே ஐம்பது ரூபாயை நீட்டி, தர்மம் போட ரெண்டு ரூபாய் காசாகக் கொடுங்க தம்பி என்று கேட்பார்கள். அவனிடம் வாங்கியதைத்தான் எடுத்துக் கொடுப்பேன். ஒரு தடவை ஓரத்தில் குங்குமம் அப்பிய ரெண்டு ரூபாய் காசு ஒன்று ஒரே வாரத்தில் இரண்டு முறை என் பைக்கு வந்தது. அவனிடமிருந்து எனக்கு, என்னிடமிருந்து அவர்களுக்கு, திரும்ப அவனுக்கு. புண்ணியம் யார் கணக்கில் ஏறியதோ.

நோட்டாக ஏன் கேட்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன். “வட்டிக்காரருக்கு அம்மை நோட்டாத்தான் குடுக்கணும்” என்றான். கந்துவட்டிக்கு எதிராக 2003லேயே சட்டம் வந்துவிட்டது. 2017 அக்டோபரில் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு குடும்பமே தீக்குளித்ததை எங்கள் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதற்குப் பிறகும் வாரக் கணக்கு வாரக் கணக்காகத்தான் இருக்கிறது. பள்ளிக்கூடம் போனால் மத்தியானச் சோறு உண்டே என்றேன். 1956ல் காமராஜர் எட்டயபுரத்தில் ஆரம்பித்தது, அப்போது அது எங்கள் ஜில்லாதான், இப்போது காலையிலும் போடுகிறார்கள் என்று பெருமையாக வேறு சொன்னேன். “அங்க எனக்கு மட்டுந்தான அண்ணாச்சி சோறு” என்று சொல்லிவிட்டு அட்டையை எடுக்கப் போய்விட்டான்.

அட்டை மடியில் விழுந்ததும் சிலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். இவ்வளவு நேரம் வெயில் அடிக்கிறது என்று ஷட்டரை இறக்கி வைத்திருந்தவர் அப்போது ஏற்றிவிட்டு வெளியே பார்ப்பார். சிலர் பிஸ்கட் கொடுப்பார்கள். பிரிக்காத பாக்கெட்டை அவன் பெட்டிக்கடையில் பாதி விலைக்குக் கொடுத்துவிடுவான் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.

ஒருநாள் ஸ்டாண்டுக்குள்ளேயே டிரைவர் வண்டியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். பையன் தடுமாறி சீட்டுக் கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டு “ஐயோ அம்மா” என்றான். ஒரு நிமிஷம் பஸ்ஸே அமைதி. அப்புறம் மூன்றாவது சீட்டில் இருந்தவர், வெள்ளை வேட்டி, நல்ல மனுஷர்தான், “ஏல, பேசுதியேல!” என்று எழுந்து, போட்ட ஐந்து ரூபாயை அவன் கையிலிருந்து பிடுங்கினார். வேறு இரண்டு பேரும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பஸ் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். நெற்றி புடைத்திருந்ததை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஊமை என்றால் ஐந்து ரூபாய், வாய் பேசுகிற பிள்ளைக்குப் பசித்தால் ஒன்றும் கிடையாது. இதை நான் அன்றே யோசித்தேன் என்று சொன்னால் பொய். அன்றைக்கு அவனிடம் சில்லறை குறைந்துபோயிற்றே என்றுதான் இருந்தது.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு உதவி கேட்டுக் கூப்பிடுகிற 1098 என்ற நம்பர் எனக்குத் தெரியாததா? ஸ்டாண்ட் சுவரிலேயே எழுதியிருக்கும். 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தில், பிள்ளையைப் பிச்சைக்கு விடுகிறவருக்கு ஐந்து வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் அபராதம். பிச்சை எடுக்கும் பிள்ளையோ குற்றவாளி இல்லை, பராமரிப்பு தேவைப்படுகிற குழந்தை, 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் கொண்டுபோக வேண்டும். இதெல்லாம் பிறகு படித்தது. முன்பே தெரிந்திருந்தாலும் கூப்பிட்டிருப்பேனா? முகூர்த்த நாளில் சில்லறைக்கு எங்கே போவது?

கூப்பிட்டது ஒரு காலேஜ் பிள்ளை. யாரையும் திட்டவில்லை, போட்டோ எடுக்கவில்லை, அவன் பக்கத்தில் உட்கார்ந்து பேர் கேட்டது, அப்புறம் போனை எடுத்தது. பஸ் கிளம்ப இருபது நிமிஷம் இருந்தது. கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய இரண்டு பேர் வந்தார்கள். ஒரு அம்மா குனிந்து அவன் நெற்றியைத் தடவிப் பார்த்தார். அதுவரைக்கும் அதை யாரும் செய்யவில்லை.

“இந்தப் பையனை உங்களுக்குத் தெரியுமா சார்?” என்று என்னிடம் கேட்டார்கள்.

“பார்த்திருக்கேன்” என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, பையைப் பார்த்தான். அரைமணி நேரத்துக்கு முன்னால்தான் நூறு ரூபாய்க்குச் சில்லறை கொடுத்திருந்தான், நோட்டு நான் இன்னும் கொடுக்கவில்லை. அவர்கள் முன்னால் எடுத்து நீட்டினால் எதற்கு என்று கேட்பார்களே என்று நின்றேன். அவனும் கேட்கவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார்.

இப்போது பாதிப் பேர் ஜிபேயில் டிக்கெட் எடுக்கிறார்கள், சில்லறைச் சண்டை குறைந்துவிட்டது. அன்று ராத்திரி டெப்போவில் கணக்கு முடிக்கும்போது நூறு ரூபாய் கூடுதலாக இருந்தது. பக்கத்தில் இருந்தவர், “டிக்கெட் பின்னால எழுதிக் குடுத்துட்டு யாருக்கோ பாக்கி தர மறந்திருப்பீரு” என்றார். எழுதிக் கொடுக்கவில்லை என்று மட்டும் சொன்னேன்.