ரிமோட் யார் கையில?

வெளிநாட்டுல குழந்தை வளர்க்கறதுல எனக்கு ரொம்ப பயமா இருக்கறது குளிரோ மொழியோ இல்ல, வீட்டுக்குள்ள இருக்கற ஸ்கிரீன்தான். ஊர்ல இருந்தா பாட்டியோ சித்தியோ கண்ணு வெச்சிருப்பாங்க, இங்க நானும் அவரும் மட்டும்தான், நான் சமைக்கற அரை மணி நேரம் பாப்பா கையில டேப்லெட்.

போன மாசம் அப்படித்தான் பாட்டு வீடியோ போட்டுட்டு குக்கர் வெச்சேன், மூணாவது விசில் வரும்போது எட்டிப் பாத்தா ஆட்டோப்ளேல (அடுத்த வீடியோ தானா ஓடறது) அவளுக்குப் பிடிச்ச அதே முயல் பொம்மை மாதிரி ஒண்ணு, கையில கத்தி, எதிர்ல ரத்தம். நாலு வயசுக் குழந்தை, கண்ணு சிமிட்டாம பாத்துட்டு இருந்தா. அன்னிக்கு ராத்திரி லைட்ட அணைக்க விடல.

அதுக்கப்புறம் ஆட்டோப்ளேய நிறுத்திட்டேன். யூடியூப் கிட்ஸ்ல நாம அனுமதிச்ச வீடியோ மட்டும் வர்ற மாதிரி செட்டிங் இருக்கு, அத போட்டா குழந்தையால தேடவே முடியாது, அதான் இப்போ வெச்சிருக்கேன். 2 முதல் 4 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஸ்கிரீன் வேணாம்னு உலக சுகாதார நிறுவனம் 2019லயே சொல்லிருக்கு.

இன்னொண்ணு, நம்ம சீரியல். தமிழ் காதுல விழட்டுமேன்னு நாமதான் ஓட விடறோம், அதுல விஷம் வைக்கறதும் அறையறதும் தான் வருது. அதையும் அவ தூங்கினப்புறம்தான் பாக்கறேன் இப்பல்லாம், தமிழுக்கு நானே கதை சொல்றேன்.