டேப் பிரிக்காத பெட்டிகள்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் பள்ளியின் புத்தக அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். ஆகஸ்டில் புதுக் கணக்குப் புத்தகங்கள் வருகின்றன, இடம் வேண்டுமாம். சாவியை வாங்கிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தால், உள்ளே பாதிப் பெட்டிகளில் ஒட்டிய டேப்பைக்கூட யாரும் பிரிக்கவில்லை. அவையும் இதற்கு முன்னால் வந்த புதுப் புத்தகங்கள்தான்.

நான் ஆறு வருடமாக இங்கே எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். அதற்குள் மூன்று சூப்பரின்டென்டென்ட் (ஊரின் பள்ளிகளுக்கெல்லாம் தலைமை நிர்வாகி), நான்கு பிரின்சிபல், மூன்று பாடத்திட்டம். என் வகுப்பறை ஹீட்டரும் நானும்தான் மாறாமல் இருக்கிறோம். இரண்டு பேருக்குமே சத்தம் வந்துவிட்டது.

ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை, வேலை வேண்டும். தொழிற்சாலைகள் மூடி, ஜனங்கள் புறநகருக்குக் கரைந்துபோன ஓர் அமெரிக்க நகரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் மாவட்டம் என்றால் கலெக்டர் நினைவுக்கு வருவார். இங்கே பள்ளி மாவட்டம் என்பது தனி அரசாங்கம் மாதிரி. நாடு முழுக்கச் சுமார் 13,000 இருக்கின்றன. பெரும்பாலும் தேர்தலில் ஜெயித்து வரும் ஒரு போர்டு, அது வேலைக்கு எடுக்கும் ஒரு சூப்பரின்டென்டென்ட், அவருக்குக் கீழே நாங்கள். வரும்படியில் பெரிய பங்கு அந்தந்த ஊரின் சொத்து வரி. அதனால் வீட்டு விலை சரிந்த ஊரில் பள்ளியும் சேர்ந்து சரியும். பிள்ளைகள் வேறு பள்ளிக்குப் போனால் தலைக்கு இவ்வளவு என்று மாநிலம் தரும் பணமும் கூடவே போய்விடும். அக்டோபரில் தலை எண்ணும் நாளன்று மட்டும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பீட்சா கிடைப்பது அதனால்தான். 

சரி, புத்தகத்துக்கு வருகிறேன்.

நான் சேர்ந்தபோது இருந்த பாடத்திட்டம், பிள்ளைகளைக் குழுவாக உட்காரவைத்து, விடையை நாம் சொல்லாமல் அவர்களையே திணறவிட்டுக் கண்டுபிடிக்கவைக்கும் ரகம். முதல் வருடம் எனக்கே பிடிபடவில்லை. வகுப்பு சந்தைக்கடை. இரண்டாம் வருடம் எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று கற்றுக்கொண்டேன். மூன்றாம் வருடம், கடைசி பெஞ்சில் தலையைக் கவிழ்த்தே இருக்கும் ஒரு பெண் எழுந்து வந்து, "மிஸ், அவன் போட்டது தப்பு" என்று பலகையில் காட்டினாள். அந்த ஜூனில் சூப்பரின்டென்டென்ட் வேறு மாநிலத்தில் பெரிய வேலை கிடைத்துப் போனார். புதிதாக வந்தவர் தன் 90 நாள் திட்டத்தை வெளியிட்டார். அதில் மூன்றாவது வரி, புதுக் கணக்குப் பாடத்திட்டம்.

அது கணினியில் ஓடும் பாடம். நான் என்ன பேச வேண்டும் என்பதுகூட எழுதியிருக்கும். எந்தத் தேதியில் எந்தப் பாடம் என்று ஓர் அட்டவணை, எல்லாப் பள்ளியும் ஒரே நாளில் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். பனிக்கு இரண்டு நாள் லீவு விட்டால் அட்டவணை காத்திருக்காது. பின்னமே தெரியாத பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நேர்கோட்டின் சாய்வு என்ற பாடத்துக்கு ஓட வேண்டும். இதற்காக வாங்கிய அச்சுப் புத்தகங்கள்தான் அந்த டேப் பிரிக்காத பெட்டிகள். எல்லாம் திரையில் இருப்பதால் புத்தகத்தைப் பிரிக்க வேண்டாம் என்று ஒரு மின்னஞ்சல் வந்ததாக ஞாபகம். பிறகு ஏன் வாங்கினார்கள் என்று கேட்டேன். தொகுப்பாக வந்ததாம்.

இப்போது மூன்றாவது சூப்பரின்டென்டென்ட், மூன்றாவது பாடத்திட்டம். இவரும் நல்லவர், நன்றாகப் பேசுகிறார். என் கோபம் இந்த மூவரின் குணத்தைப் பற்றியது இல்லை, கணக்கைப் பற்றியது. ஆறாம் வகுப்பில் ஒரு பாடத்திட்டத்தைத் தொடங்கும் பிள்ளை எட்டு முடிக்க மூன்று வருடம் ஆகும். ஆசிரியர்களுக்கு அது கைவரவே இரண்டு வருடம். ஆக, வேலை செய்கிறதா இல்லையா என்று தெரிய நான்கைந்து வருடம் வேண்டும். இவர்களுடைய ஒப்பந்தமோ மூன்று வருடம். விதை போட்டவர் அறுவடைக்கு இருப்பதில்லை, வந்தவர் முளையைப் பிடுங்கிப் பார்க்கிறார். தோற்றது எது என்று யாருக்குமே தெரியாது. ஆனால் மதிப்பெண் குறைந்தால் மட்டும் வகுப்பறைக் கதவில் என் பெயர்தான் ஒட்டியிருக்கிறது.

இதன் நடுவில் கோவிட் பணம் வந்து போனது. 2020, 2021இல் மூன்று தவணையாக மத்திய அரசு பள்ளிகளுக்கு ஒதுக்கியது ஏறத்தாழ 19,000 கோடி டாலர். கடைசித் தவணையை 2024 செப்டம்பர் 30க்குள் ஒப்பந்தமாக்கிவிட வேண்டும் என்பது விதி. அது ஒருமுறை வரும் பணம் என்று எங்கள் யூனியன் பிரதிநிதி ஒவ்வொரு கூட்டத்திலும் தொண்டை கட்டச் சொன்னார். எங்கள் தலைமை அதில் மென்பொருள் வாங்கியது, ஆலோசகர்களைக் கூட்டி வந்தது, கொஞ்சம் நல்ல காரியமும் செய்தது. பின்தங்கிய ஆறேழு பிள்ளைகளைத் தினமும் அரை மணி நேரம் தனியாக அழைத்துப்போகும் ஓர் அம்மாவை என் வகுப்புக்குத் தந்தார்கள். பணம் தீர்ந்ததும் முதலில் போனது அவர். மென்பொருள் உரிமம் மட்டும் இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.

பக்கத்து அறையில் ஏழாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர் அக்டோபரிலேயே ராஜினாமா செய்துவிட்டார். அன்றிலிருந்து சப் எனப்படும் மாற்று ஆசிரியர்தான், அவரும் கிடைக்காத நாளில் நாங்கள் ஐந்து பேர் முறைவைத்து எங்கள் காலி பீரியடைக் கொடுக்கிறோம். காலி என்று சொல்வதே தப்பு, பேப்பர் திருத்துவதும் அப்பா அம்மாவுக்குப் போன் போடுவதும் அப்போதுதான். அதற்குத் தனியாகக் கொஞ்சம் பணம் உண்டு. ஆனால் அந்தப் பிள்ளைகள் அடுத்த வருடம் என்னிடம்தான் வரப்போகிறார்கள். ஏழாம் வகுப்புக் கணக்கு இல்லாமல்.

ஜனவரியில் நான்கு பேர் டேப்லெட்டோடு வந்தார்கள். மேல் அலுவலகத்திலிருந்து வகுப்பு வகுப்பாகச் சோதித்துப் பார்க்கும் ஒரு சுற்று. ஏழு நிமிடம் நின்றார்கள். அன்று கூரை ஒழுகியதால் வாளி வைக்க இடம் வேண்டி, இன்றைய இலக்கு எழுதிய சிறு பலகையை நகர்த்தி வைத்திருந்தேன். பின் வரிசைப் பையனிடம் ஒருவர் குனிந்து, "இன்று என்ன கற்கிறாய்?" என்று கேட்டார். அவன் "கணக்கு" என்றான். உண்மைதானே! இரண்டு பக்கமும் x வரும் சமன்பாட்டை வாழ்க்கையில் முதல்முறையாகத் தானே தீர்த்துக்கொண்டிருந்தான், பென்சிலைக் கடித்துக்கொண்டு. சாயங்காலம் அறிக்கை வந்தது: இலக்கு பார்வையில் இல்லை, மாணவர் இலக்கைச் சொல்லவில்லை. வாளியைப் பற்றி ஒரு வரி இல்லை. நால்வரும் அதைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். முப்பது வருடம் அரசுப் பள்ளியில் இருந்தவர். "எங்க ஏ.ஈ.ஓ. வந்தா நோட்டையாவது புரட்டிப் பார்ப்பார்டி" என்றார், பள்ளிக்குச் சோதனைக்கு வரும் உதவிக் கல்வி அலுவலரைச் சொல்லி.

மார்ச்சில் போர்டு கூட்டத்துக்குப் போனேன். பொதுமக்கள் பேச ஆளுக்கு இரண்டு நிமிடம், எதிரே பெரிய எழுத்தில் கடிகாரம் கீழ்நோக்கி ஓடும். நான்கு நாள் எழுதி, குளியலறையில் சொல்லிப் பார்த்து, 1 நிமிடம் 50 விநாடிக்குச் சுருக்கி வைத்திருந்தேன். புத்தகத்தை மாற்றுவதற்கு முன்னால் அதை நடத்தியவர்களைக் கேளுங்கள், அவ்வளவுதான் சாரம். பேசி முடிக்கும்போது பதற்றத்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல் எட்டு விநாடி அதிகமாகி மைக் அணைந்தது. அவர்கள் பதில் சொல்லக் கூடாது என்பது விதியாம். தலைவர் "நன்றி" என்றார், அடுத்த பெயரைக் கூப்பிட்டார். இரண்டு வாரம் கழித்துப் புதுப் பாடத்திட்டத்துக்கு ஒருமனதாக ஓட்டு விழுந்தது.

அன்று வண்டி நிறுத்துமிடத்தில் என்னைத் தேற்றியவர் எங்கள் அறிவியல் ஆசிரியை, மிச்சிகன் மாநிலத்து டெட்ராய்ட்டிலிருந்து வந்தவர். அங்கே 2009லிருந்து மாநிலம் நியமித்த நெருக்கடி நிர்வாகிகள்தான் பள்ளிகளை நடத்தினார்கள், தேர்ந்தெடுத்த போர்டுக்கு அதிகாரம் இல்லை. 2015இல் வந்த டார்னெல் ஏர்லி, அதற்கு முந்தைய வருடம் ஃப்ளிண்ட் நகரம் ஆற்று நீருக்கு மாறி, குடிநீரில் ஈயம் கலந்ததே, அந்த மாற்றத்தின்போது அங்கே நிர்வாகியாக இருந்தவர். "எங்களுக்கு இரண்டு நிமிடம் பேச ஆளே இல்லையே" என்று சிரித்தார். மிச்சிகன் சட்டப்படி ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்ய முடியாது, அதனால் 2016இல் கூட்டமாக உடம்பு சரியில்லை என்று சொன்னார்கள். பூஞ்சை பிடித்த சுவரையும் பெயர்ந்த தரையையும் படம் எடுத்துப் போட்டார்கள். மே 2ஆம் தேதி 97 பள்ளிகளில் 94 திறக்கவில்லை. காரணம் சம்பளம். பத்து மாதச் சம்பளத்தை வருடம் முழுக்க 26 தவணையாகப் பிரித்து வாங்கிக்கொள்பவர்களுக்கு, ஜூன் 30க்குப் பிறகு கொடுக்கப் பணம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஏற்கெனவே வேலை செய்து முடித்த சம்பளம் அது. அவரும் 26 தவணைக்காரர்தான். கடைசியில் சட்டமன்றம் 61.7 கோடி டாலர் கொடுத்து, பழைய கடனை ஒரு பெயரிலும் பள்ளிகளைப் புது மாவட்டமாக இன்னொரு பெயரிலும் பிரித்தது. அவர் அதற்குள் இந்த ஊருக்கு வந்துவிட்டார். இன்றும் சம்பள நாளன்று காலையில் முதல் வேலையாக வங்கிக் கணக்கைப் பார்ப்பார்.

எங்கள் நான்காவது பிரின்சிபல் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. வாட்ச்மேன், துப்புரவாளர் இருவரும் வராத பிப்ரவரிக் காலையில், ஆறரை மணிக்கு அவரே படிகளில் உப்புத் தூவிக்கொண்டிருந்தார். போர்டில் நான் பேசியதற்கு அடுத்த நாள் கூப்பிட்டு, "நீங்க சொன்னது சரி, நான் சொன்னதா எங்கயும் சொல்லாதீங்க" என்றார். இப்போது எழுதிவிட்டேன், பெயர் இல்லாமல்.

பழைய புத்தகங்கள் மறுசுழற்சிக்குப் போகின்றன. பலகை வைத்து அடுக்கச் சொன்னார்கள், அடுக்கினோம். டேப் பிரிக்காதவை அப்படியே டேப்போடு போயின. அடியில் முதல் பாடத்திட்டத்தின் புத்தகங்கள் அகப்பட்டன, மூலை மடங்கி, ஓரத்தில் பிள்ளைகள் கிறுக்கிய பொம்மைகளோடு. எண்ணினேன், 34 நல்ல பிரதிகள். அறிவியல் ஆசிரியை ஒன்றும் கேட்காமல் தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார். இரண்டு நடையில் என் கார் டிக்கியில் ஏற்றினோம், பின் சக்கரம் அமுங்கிவிட்டது.

புதுப் புத்தகத்துக்கான பயிற்சி நாள் அறிவித்திருக்கிறார்கள். பள்ளி திறந்து மூன்றாவது வாரம்.